உதிரிபாகம் இல்லாத லோரிக்கு உரிமம் எதற்கு?

2024 டிசம்பர் 23-ஆம் நாள், ஆயர் குரோ அருகே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு லோரியின் சக்கரம் கழன்று சாலையில் விழுந்தது. பின்னால் வந்த சுற்றுலாப் பேருந்து அதில் மோதித் தடுமாறியது. எதிர்த்தடத்துக்குள் பாய்ந்தது. அங்கே வந்துகொண்டிருந்த டிரெய்லர் லோரியில் மோதியது. 7 பேர் மாண்டனர். நம் மலாக்கா மாநிலத்தில், நம் மக்கள் நாள்தோறும் போய்வரும் வழியில் இது நடந்தது.

கனரக லோரியின் சக்கரம் திடீரென்று கழலாது. நட்டு தளரும். பேரிங் தேயும். பிரேக் டிரம் சூடேறி விரிசல் விடும். இவை ஒவ்வொன்றும் சத்தம் போட்டும், புகைந்தும், ஆடியும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஓட்டுநருக்கு அது தெரியும். பட்டறைப் போமனுக்குத் தெரியும். லோரி முதலாளிக்கும் தெரியும். தெரிந்தும் லோரி மறுநாள் காலையில் சாலைக்கு வருகிறது.

ஏன் வருகிறது? உதிரிச் சாமான் கிடைக்கவில்லை என்பார்கள். கிடைத்தாலும் விலை அதிகம் என்பார்கள். இந்தப் பதிலை எத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! சாமான் கிடைக்காத லோரியை நாட்டுக்குள் கொண்டுவந்தது யார்? அதற்கு அனுமதி தந்தது யார்? சாமான் மாற்றாத லோரிக்குச் சாலை வரி கட்ட வழிவிட்டது யார்? இந்தத் தலையங்கம் அவர்களை நோக்கித்தான் எழுதப்படுகிறது.

ஜாசின், மெர்லிமாவ், கெமெண்டோர், புக்கிட் அசகான், செலண்டார், தெபோங். இந்த வட்டாரங்களில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகாத நாள் இல்லை. அந்த லோரிகள் தோட்டத்து மண்பாதையில் மூழ்கி எழுந்து, மேடு பள்ளத்தில் குலுங்கி, அதே சேற்றுச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறி ஆலைக்குப் போகின்றன. அந்தச் சாலையோரத்தில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டக் கோயில்கள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கின்றனர். ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் அந்த லோரிகளின் பின்னால்தான் நம் பிள்ளைகளை ஏற்றிய பள்ளி வேன்களும் போகின்றன.

மண்பாதையில் ஓடும் லோரிக்கு நகரத்து லோரியைவிட இரட்டிப்புக் கவனிப்பு வேண்டும். சேறு பிரேக் டிரம்முக்குள் புகுந்து லைனிங்கை அரிக்கிறது. தண்ணீர் ஹப்புக்குள் இறங்கி கிரீஸைக் கழுவிவிடுகிறது. குலுக்கலில் வில்தகடு முறிகிறது. ஸ்டீயரிங் இணைப்புகளில் ஆட்டம் விழுகிறது. இவ்வளவு அடிபடும் வண்டிக்கு அடிக்கடி சாமான் மாற்றியாக வேண்டும். ஆனால் தோட்டத்துக்குக் கிடைப்பதோ நகரம் கழித்துவிட்ட லோரி. ஜப்பானில் ஓடி ஓய்ந்து, இங்கே ‘ரீகோன்’ என்று வந்து, இரண்டு மூன்று கைமாறி, கடைசியாகத் தோட்டப் பாதைக்கு வந்து சேர்ந்த லோரி.

ரீகோன் லோரியின் உண்மையான சிக்கலை அனுமதி தருவோர் அறியாதவர் அல்லர். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த லோரியும், அதே பெயரில் இங்கே பொருத்தி விற்கும் லோரியும் பல இடங்களில் வேறுபடும். பெயர்ப்பலகை ஒன்றாக இருக்கும். அச்சின் அளவு வேறாக இருக்கும். பிரேக் டிரம்மின் அகலம் வேறாக இருக்கும். ஜப்பானில் சேஸி எண்ணைக் கொடுத்துத்தான் சரியான சாமானைத் தேடி எடுக்கிறார்கள். இங்கே சிறு பட்டணத்துக் கடையில் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? அந்த அட்டவணை அவர்களிடம் இல்லை. இருந்தாலும் அது ஜப்பானிய மொழியில் இருக்கும். கடைக்காரர் பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். ஏறக்குறைய அதே அளவில் ஒன்றை எடுத்துத் தருகிறார். போமன் தேய்த்தோ வெட்டியோ பொருத்துகிறார்.

ஏறக்குறைய. உயிர் தொங்குகிற இடத்தில் இந்தச் சொல்லுக்கு இடமே இருக்கக் கூடாது. இடப்பக்கச் சக்கரத்தில் ஓர் அளவும் வலப்பக்கச் சக்கரத்தில் இன்னோர் அளவும் உள்ள லைனிங் பொருத்தினால், பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். பிடித்த பக்கத்து டிரம் மட்டும் சூடேறும். சூடு ஹப்புக்குப் போகும். கிரீஸ் உருகும். பேரிங் இறுகும். அதன் பிறகு அந்தச் சக்கரம் ஓடும் ஒவ்வொரு மைலும் அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து ஓடுவதுதான். ஓட்டுநரின் திறமை அங்கே எதற்கும் உதவாது.

காட்டு வேலை லோரிகளின் கதை இதைவிடக் கொடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய இராணுவ லோரிகளை மரம் இழுக்க மாற்றிக் கட்டியதில் தொடங்கிய வழக்கம் இந்நாட்டில் இன்னும் சாகவில்லை. எல்லாச் சக்கரமும் இழுக்கும் அந்த லோரியைக் காட்டில் ‘சான் தை வோங்’ என்பார்கள். ஒரு லோரியின் இயந்திரம், இன்னொன்றின் கியர்பெட்டி, மூன்றாவதன் அச்சு என்று சேர்த்துக் கட்டப்படும் வண்டிகள் இவை. செய்த ஊரில் அந்த மாதிரிக்குச் சாமான் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பதிவு இல்லை, பரிசோதனை இல்லை, காப்புறுதி இல்லை. மக்கள் ‘லோரி ஹந்து’ (பேய் லோரி) என்று அஞ்சி ஒதுங்கும் இனம் இதுதான். “தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓட்டுகிறோம்” என்று சொல்லி இத்தகைய வண்டியை வைத்திருப்போர் உண்டு. தோட்டத்துக்குள் மனிதர் இல்லையா? பின்பக்கத்தில் தொற்றிக்கொண்டு போகும் தொழிலாளிக்கு உயிர் இல்லையா? ஒரு தோட்டப் பிரிவிலிருந்து மறுபிரிவுக்குப் போக அந்த லோரி அரசாங்கச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது அங்கே சட்டம் இல்லையா?

2009 அக்டோபர் 28-ஆம் நாள் அரசாங்கம் தேசிய வாகனக் கொள்கையின் மறுஆய்வை அறிவித்தது. பயன்படுத்திய உதிரிபாகங்களின் இறக்குமதி 2011 ஜூனிலிருந்து தடை செய்யப்படும் என்றது. வாகன இறக்குமதிக்கான திறந்த ஏபி (அனுமதி) முறை 2015 இறுதியோடு முடியும் என்றது. பாதுகாப்பே காரணம் என்றும் சொன்னது. வணிகர்கள் எதிர்த்தனர். தடை நடைமுறைக்கு வரவில்லை. ஏபி முறையும் முடியவில்லை. பாதுகாப்புக்காகத் தேவை என்று அரசாங்கமே சொன்ன ஒன்றை அரசாங்கமே கைவிட்டது. அதற்குப் பதிலாக எந்தப் பாதுகாப்பை வைத்தது? இறக்குமதியான பழைய பிரேக்கை, பழைய ஸ்டீயரிங் பெட்டியை, பழைய ஹப்பைச் சோதித்து முத்திரையிட எந்த ஏற்பாட்டை லோரிக்காரரின் கண்முன் வைத்தது?

பழைய சாமான் எல்லாவற்றையும் தடுக்கச் சொல்லவில்லை. கதவு, கண்ணாடி, இருக்கை, தண்ணீர்த் தொட்டி பழையதாக இருந்தால் யாரும் சாகப் போவதில்லை. ஏழை லோரிக்காரருக்கு அவை உதவும். பிரேக், ஸ்டீயரிங், ஹப், அச்சு, சக்கரத்து நட்டு ஆகியவை அப்படியல்ல. இந்தப் பிரிவினையைச் செய்ய ஓர் அமைச்சுக்கு இத்தனை ஆண்டு தேவையா?

முதலீடு, வாணிப, தொழில் அமைச்சு ஏபி தருகிறது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பதிவு செய்கிறது. தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட் உரிமம் தருகிறது. 1994-இல் தொடங்கிய புஸ்பாகோம் 6 மாதத்துக்கு ஒருமுறை வணிக வாகனங்களைச் சோதிக்கிறது. நான்கு வாசல். நான்கிலும் கையெழுத்து. இந்த நான்கு கையெழுத்துகளையும் தாண்டித்தான் தேய்ந்த சக்கரம் சாலைக்கு வருகிறது.

புஸ்பாகோம் சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டும் வழக்கம் லோரித் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். சோதனை முடிந்ததும் நல்ல டயர் வாடகைக் கடைக்குத் திரும்பும். வழுக்கை டயர் லோரிக்குத் திரும்பும். டயருக்கு நடப்பது பிரேக்குக்கு நடக்காது என்று யார் உறுதி சொல்வார்? மாட்டிய டயரின் எண்ணைப் பதிவு செய்து, சாலையில் அதே எண்ணைச் சரிபார்த்தால் இந்த ஏமாற்று ஒரே வாரத்தில் அம்பலமாகும். ஏன் செய்யவில்லை?

சாலைச் சோதனை எங்கே நடக்கிறது என்று லோரிக்காரருக்கு முன்கூட்டிச் சொல்ல ‘தொன்தோ’ என்ற வேவுக் கூட்டம் இருக்கிறது. அமலாக்க அதிகாரிகளின் வண்டியைப் பின்தொடர்வதே அவர்கள் பிழைப்பு. 2019 ஏப்ரலில் பினாங்கில், லோரிகளுக்குப் பாதுகாப்பு அளித்துப் பணம் பெற்றதாக ஜேபிஜே அதிகாரிகள் பலரை ஊழல் தடுப்பு ஆணையம் கைது செய்தது. நேர்மையான அதிகாரிகள் அத்துறையில் நிறைய இருக்கின்றனர். வெயிலிலும் மழையிலும் நின்று லோரியை நிறுத்துகிறவர்கள் அவர்கள்தாம். அவர்களின் உழைப்பையும் சேர்த்தே அந்தக் கையூட்டு விற்றுவிட்டது.

2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் 9 கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் மாண்டனர். நம் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கல் ஏற்றிய லோரி அவர்கள் வண்டியில் மோதியது. அந்த லோரி அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தது. ஸ்டீயரிங் கோளாறும் விசாரணையின் மையத்துக்கு வந்தது. நம் கூட்டத்தைக் காத்தவர்களை நம்மால் காக்க முடியவில்லை. அடுத்த மாதம் 9-ஆம் நாள் கெரிக்கில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டனர். அந்தப் பேருந்தின் உரிமம் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது.

குத்தகை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமம் ஒருவர் பெயரில். வண்டி இன்னொருவர் கையில். பட்டறைக் கணக்கு மூன்றாமவர் தலையில். பிரேக் போய்விட்டது என்று ஓட்டுநர் யாரிடம் சொல்வார்? சாமான் வாங்கப் பணம் யார் தருவார்? உரிமக்காரர் மாத வாடகை வாங்குவதோடு சரி. வண்டிக்காரர் பாரத்தை எண்ணுவதோடு சரி. சக்கரத்தை யாரும் எண்ணுவதில்லை.

விபத்து நடந்ததும் முதலில் பிடிபடுவது ஓட்டுநர். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில், அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தவருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஓட்டுநர் குற்றம் செய்திருந்தால் தண்டனை பெறட்டும். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லியும் “இன்றைக்கு ஒரு நடை போய் வா” என்று அனுப்பியவருக்கு எத்தனை ஆண்டு? பொருந்தாத சாமானை விற்றவருக்கு எத்தனை ஆண்டு? சாமான் இல்லாத லோரியைக் கப்பலில் இறக்கியவருக்கு எத்தனை ஆண்டு?

இதை ஜப்பானியர் கேட்டிருக்கிறார்கள். 2002 ஜனவரியில் யோக்கோஹாமா நகரில் மிட்சுபிஷி டிரெய்லரின் சக்கரம் கழன்று உருண்டு வந்து நடைபாதையில் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த 29 வயதுத் தாயைக் கொன்றது. பராமரிப்புச் சரியில்லை என்று உற்பத்தியாளர் உரிமையாளர் மீது பழி போட்டார். 2004-இல் உண்மை வெளிவந்தது. சக்கர ஹப்பிலேயே குறை இருந்தது. அது நிறுவனத்துக்குத் தெரிந்தும் இருந்தது. லோரிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் முன்னாள் பொறுப்பாளர்கள் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2012-இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஒரு தாயின் உயிருக்கு, ஓட்டுநரைத் தாண்டி, கோப்பில் கையெழுத்துப் போட்டவர் வரை விசாரணை போனது.

அந்த நாட்டு லோரிகளைத்தான் நாம் பழையதாக வாங்குகிறோம். அந்த நாட்டுப் பொறுப்பை வாங்க மறந்துவிட்டோம். அங்கே ஒரு மாதிரியைத் திரும்ப அழைத்தால், அந்த மாதிரியில் இங்கே ஓடும் ரீகோன் லோரியின் உரிமையாளரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டியவர் யார்? இறக்குமதி செய்தவரா, ஜேபிஜேயா? பெயரைச் சொல்லுங்கள். கெமெண்டோரில் இருக்கும் லோரிக்காரர் அந்தக் கதவைத் தட்டட்டும்.

தோட்ட நிர்வாகங்களும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளியின் கடமை தவறினால் விதிக்கப்படும் அபராத உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. குத்தகை லோரி எங்களுடையது அல்ல என்று சொல்லி நிர்வாகம் கை கழுவக் கூடாது. தோட்டத்து வாயிலுக்குள் நுழையும் எந்த வண்டிக்கும் தோட்டமே பொறுப்பு. கடைசியாகப் பிரேக் மாற்றிய ரசீதைக் கேட்காமல் ஒரு லோரிக்கும் குலை ஏற்றக் கூடாது. ரசீது கேட்க ஒரு குமாஸ்தா போதும்.

இன்று குலை அறுத்து லோரியில் ஏற்றுகிறவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். முறையிட அவர்களுக்கு மொழி இல்லை, சங்கத் துணையும் போதவில்லை. நேற்று அந்த இடத்தில் நாம் இருந்தோம். 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். இந்த மாநிலத்துத் தோட்டத் தமிழனுக்கு முறையிடத் தெரியும் என்பதை நாடு அன்றே பார்த்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954 முதல் இருக்கிறது. சம்பளப் பேச்சில் காட்டும் உறுதியை லோரிச் சக்கரத்திலும் அது காட்ட வேண்டும். இதுவரை காட்டிய உறுதி போதவில்லை.

போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் பெரிய விபத்துகளுக்குப் பிறகு சிறப்புப் பணிக்குழு அமைத்தார். கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கினார். வேகத்தைக் கட்டுப்படுத்துவது தேவை. ஆனால் மெதுவாகப் போகும் லோரியிலிருந்தும் சக்கரம் கழலும். கருவியின் பார்வை வேகத்தில் இருக்கிறது. நட்டையும் டிரம்மையும் பார்க்க மனிதர் வேண்டும். அந்த மனிதர் கையெழுத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். பழைய கனரக லோரியை இறக்குமதி செய்கிறவர், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சக்கரமும் சார்ந்த சாமான்களை 10 ஆண்டுக்குத் தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்காமல் ஏபி பெறக் கூடாது. உறுதியை மீறினால் அடுத்த ஏபி இல்லை. சேஸி எண்ணைப் போட்டால் சரியான சாமான் எது என்று காட்டும் பட்டியலை அவர் ஜேபிஜேயிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தச் சிற்றூர்ப் பட்டறையும் அதைக் கட்டணமின்றிப் பார்க்க வழி வேண்டும். உயிர்காக்கும் பாகங்களில் பழைய சாமான் இறக்குமதி நிற்க வேண்டும். 2011-இல் நிற்க வேண்டியது அது. பதிவில்லாத லோரி தோட்டத்துக்குள் இருந்தால் லோரிக்காரரோடு தோட்ட நிர்வாகியும் நீதிமன்றம் ஏற வேண்டும்.

தேர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்ட லோரியில் சில வாரத்துக்குள் பிரேக் போனால், முத்திரை குத்தியவரை விசாரிக்க வேண்டும். அவர் பெயர் பரிசோதனைச் சான்றிதழில் தெளிவாக இருக்க வேண்டும்.

மலாக்கா மாநில அரசாங்கம் இது கூட்டரசு விவகாரம் என்று சொல்லும். உரிமமும் பதிவும் கூட்டரசின் கையில்தான் இருக்கின்றன. ஆனால் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 7 பேர் மாண்ட சாலையும் இந்த மாநிலத்துக்குள்தான் இருக்கிறது. மலாக்கா முதலமைச்சர் ஜேபிஜே, அபாட், புஸ்பாகோம், தொழில் பாதுகாப்புத் துறை நான்கையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்களுக்குள் ஓடும் கனரக வண்டிகளின் முழுக் கணக்கை எடுக்க வேண்டும். எத்தனை பதிவானவை, எத்தனை பதிவாகாதவை, எத்தனைக்குச் சாமான் கிடைக்கிறது, எத்தனைக்குக் கிடைக்கவில்லை என்பதை அடுத்த மாநிலச் சட்டமன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒவ்வொரு தோட்ட அலுவலக வாசலிலும் ஒட்டப்பட வேண்டும்.